தண்ணி விழுதான்னு கேட்டால் பதில் சொல்கிறவர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் போன் ஓயாது. எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே கேள்விதான், தண்ணி விழுதா? மதுரையிலிருந்து கேட்பார்கள், சிவகாசியிலிருந்து கேட்பார்கள், சென்னையிலிருந்துகூடக் கேட்பார்கள். யார் கேட்கிறார்கள் என்று இவருக்குத் தெரியாது. யார் பதில் சொல்கிறார் என்று அவர்களுக்கும் தெரியாது. ஒன்பது வருடமாக இதே கூத்து.

பக்கத்துக் கடை என்னுடையது. நேந்திரங்காய் சிப்ஸ். பெயர் செண்பகவல்லி. பஜாரில் நின்று கோபக்காரி யார் என்று கேட்டால் நேராக என் கடையைக் கைகாட்டுவார்கள். அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. பதினைந்து வருடம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவளுக்குக் குளிர்ச்சியாகவா பேச வரும்?

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் வடகரை. இங்கே துண்டு, சோப்பு, சீயக்காய்ப் பாக்கெட், குளிக்க மாற்று உடுப்பு எல்லாம் வைத்து விற்கிறார். அவருக்கு இந்த போன் தொல்லை வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு லாட்ஜ்காரர் ரோட்டோரம் பெரிய போர்டு வைத்தார். ‘சீசன் நிலவரம் அறிய’ என்று எழுதி, கீழே லாட்ஜ் நம்பர். போர்டு எழுதிய ஆள் கடைசி இரண்டு எண்களை முன்னும் பின்னுமாகப் போட்டுவிட்டார். அது அண்ணாச்சியின் நம்பராகப் போய்விட்டது.

நானாக இருந்தால் அந்த ஆளைத் தேடிப் போய் அவன் பிரஷ்ஷாலேயே அவன் முகத்தில் எழுதியிருப்பேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் போனில் ஒரு பெண் கேட்டாளாம், பின்னால் குழந்தை அழுகிற சத்தமும் கேட்டதாம். இரும்மா என்று சொல்லிவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கைகாட்டிவிட்டு, அருவிவரை நடந்து போய்ப் பார்த்து வந்து அவளைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னார். அத்தோடு முடிந்ததா? அவள் தன் சித்திக்கு நம்பரைக் கொடுத்தாள், சித்தி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அந்த லாட்ஜ் கைமாறி, போர்டு காற்றில் கிழிந்து தொங்கி, அதைக் கழற்றியும் போட்டாயிற்று. நம்பர் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தினமும் விடிந்ததும் டிவிஎஸ் பிப்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றையும் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பார்க்காமல் சொல்ல மாட்டார். சொல்கிற பதிலும் ஒரு வார்த்தையில் முடியாது. மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் நன்றாக விழுகிறது, பெண்கள் பக்கம் கொஞ்சம் குறைச்சல், ஐந்தருவியில் அஞ்சும் விழுகிறது என்று நிலவரம் சொல்லிவிட்டு, கூட ஒன்றும் சேர்த்துச் சொல்வார். கைக்குழந்தை இருந்தால் ஸ்வெட்டர் கொண்டு வாங்க. வயசானவர்கள் வந்தால் ஐந்தருவிக்குப் போகாதீங்க, அங்கே வழுக்குகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை முன்னாடியே நிறுத்திவிட்டு நடந்து வாங்க. இப்படி.

அருப்புக்கோட்டையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். படுக்கையோடு கிடக்கிறாராம். அவரும் போன் செய்வார், வரப்போகிறவர் மாதிரியே தண்ணி விழுதா என்று கேட்பார். அண்ணாச்சி அருவிக்குப் போய் நின்று போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாரலில் நனைந்து நனைந்தே இதுவரை மூன்று போன் செத்துப்போயிற்று. அவர் வீட்டுக்காரி குருவம்மாள் மதினி தலையில் அடித்துக்கொள்வாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடி பிறந்தும் மழையைக் காணோம், பாறை காய்ந்து கிடந்தது. கேட்கிற ஒவ்வொருவரிடமும் இந்த மனுஷன் தண்ணி இல்லை, வராதீங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்! துண்டு விற்கிறவர் சொல்கிற பேச்சா அது? வந்தால் குளிக்காவிட்டாலும் சிப்ஸாவது வாங்குவார்கள் இல்லையா? பஜாரே சண்டைக்கு வந்தது. முன்னால் நின்றது நான்தான். இப்படி வயிற்றில் அடிக்கிறீர்களே என்று கேட்டேன். அதற்கு அவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேன் பிடித்து வந்து வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த மாதம் அவர் கடையில் ஒரு துண்டுகூட விற்கவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் என்ன சண்டை போட?

எதிர் டீக்கடை டிவியில் எந்நேரமும் ஏதாவது ஒரு நாட்டில் குண்டு விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அதைப் பார்த்தபடி டீ குடித்த அண்ணாச்சி, அங்கே கேட்டதுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை போல என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐ.நா. சபையில ஒங்களத்தான் உக்காத்தி வைக்கணும் அண்ணாச்சி. தண்ணி நிலவரம் சொல்லியே உலகத்தைச் சமாதானம் பண்ணிருவீங்க."

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

இது நாலு வருடமாக அவருடைய இன்னொரு வழக்கம். தினமும் காலையில் நான் கடை திறக்கும்போது எட்டிப் பார்த்து ஏதாவது கேட்பார். மூட்டுவலி தேவலையா, மகள் அபிக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா, வீட்டுக்காரருக்கு சுகர் குறைந்ததா. எனக்கு எரிச்சலாக வரும். நீங்க என்ன டாக்டரா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மறுநாளும் வந்து கேட்பார்.

இனி என் சண்டையைச் சொல்ல வேண்டும்.

என் கூடப் பிறந்தது ஒரே தம்பி, சுந்தரபாண்டி. பட்டாளத்தில் இருந்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் அவன் மகள் இசக்கிச்செல்வி பெரியவளானாள். சடங்குக்கு லீவு போட்டு வந்திருந்தான். எங்கள் பக்கம் பிள்ளைக்கு முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். அவளுக்கு இருப்பதே நான் ஒரு அத்தை. ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, நல்ல சீசன். குற்றாலத்துக்கு வருகிற வண்டியெல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மடியில் தட்டுகளை வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்துபோய் உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர்ந்தால், பிள்ளை குளித்து முடித்துப் பட்டு கட்டி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல நேரம் தப்பிவிடும் என்று தம்பி பெண்டாட்டியின் அக்கா தண்ணீரை ஊற்றிவிட்டாளாம்.

நான் என்ன பேசினேன் என்று இப்போது சொல்லப் போவதில்லை. பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். கொண்டுபோன தட்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன். அந்தப் பிள்ளை அத்தை என்று எழுந்து ஓடி வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி தெருமுனைவரை கூப்பிட்டுக்கொண்டே வந்தான். ஆட்டோவை நிறுத்தவிடவில்லை.

அவ்வளவுதான், எட்டு வருடம் ஓடிப்போயிற்று. நாலு வருடத்துக்கு முன் அவன் ரிட்டயராகி வந்து குத்துக்கல்வலசையில் வீடு கட்டினான், ஒரு பேங்கில் காவலுக்கு நிற்கிறான். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். அவன் வந்து கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டுப் போனவள் அவளாக வரட்டும் என்று அவன் இருந்தான்.

இந்த வருடம் அபிக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஆவணியில் முகூர்த்தம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்குப் போவதில்லை, அது எங்கள் வழக்கம். ஆய்க்குடியில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை மாலை கொடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்தேன். பத்திரிகையும் அடித்து வந்துவிட்டது, அதில் சுந்தரபாண்டி பெயர் இல்லை. அபி ஒரு பத்திரிகையை எடுத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள். சொந்த மாமா இருக்கும்போது யார் கையாலோ மாலை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கப்புறம் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் ஒரு பேச்சும் பேசவில்லை. மகள் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் கல்யாண வேலை பார்ப்பது என்ன கொடுமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அப்போதும் எனக்குக் குத்துக்கல்வலசை பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை. வீம்பு.

இந்த நேரத்தில் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாக விடாத காய்ச்சல், மதினி தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவில் ஏறப் போனவர் இறங்கி என் கடைக்கு வந்தார். நிற்க முடியாமல் என் கடை மேடையைப் பிடித்துக்கொண்டார். போனை நீட்டினார்.

"கூப்பிட்டா எடுத்துச் சொல்லும்மா. எடுக்காம விட்டா தண்ணி இல்லன்னு நினைச்சிருவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, சட்டியில் சிப்ஸ் கருகுகிறது, இதில் இது வேறு. ஆனாலும் அந்தக் கோலத்தில் நிற்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்ல? வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் போன் விருதுநகரிலிருந்து. தண்ணி விழுதா என்றார்கள். விழாமல் மேலேயா போகும் என்றேன். வைத்துவிட்டார்கள். அடுத்தவர் எந்த அருவியில் என்று கேட்டார். எல்லாவற்றையும் நான் போய் எட்டிப் பார்த்துக்கொண்டா இருக்கிறேன் என்று கேட்டேன். பத்துப் போன் இப்படிப் போயிற்று. பதினோராவதாக ஒரு அம்மாள், அண்ணாச்சி இல்லையா, உடம்புக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டாள். போன வருடம் அவள் மாமியாரை ஐந்தருவிக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்று அவர்தான் சொன்னாராம். அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம், வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொள்கிறேன் என்றாள். அப்புறம் அருப்புக்கோட்டை வாத்தியார் கூப்பிட்டார். என்ன செய்ய? வீட்டுக்காரரை அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மூட்டுவலியோடு அருவிக்கு நடந்து போய், போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நானும் நின்றேன். போனவர் வந்தவரெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பக்கம் வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, போதும்மா, நல்லா இரு என்றார். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. திரும்பி வந்து விருதுநகர்க்காரர்களைக் கூப்பிட்டு, மெயின் அருவியில் நன்றாக விழுகிறது, குழந்தைகளுக்கு மாற்றுத்துணி கொண்டு வாங்க என்று சொன்னேன்.

மறுநாள் காலை ஆறேகால் இருக்கும். கடைக் கதவைப் பாதி தூக்கியிருக்கிறேன், போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள்ளேயே அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, சுந்தரபாண்டி பேசுதேன். தண்ணி விழுதா?"

குத்துக்கல்வலசையில் இருக்கிறவனுக்கு எதற்கு அருவி நிலவரம்? எட்டு வருடம் கழித்துக் கேட்கிற குரல், ஆனால் நேற்றுக் கேட்டது போலிருந்தது. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

"அக்கா கடை தொறந்துட்டாளா? நேத்து டூட்டி, கூப்பிட முடியல. முட்டி வீங்கியிருக்குன்னு சொன்னீங்கள்லா, எண்ணெய் தேய்க்காளா? கல்யாணத்தன்னைக்கு லீவு சொல்லிட்டேன் அண்ணாச்சி. மண்டபத்துக்கு எதிர்த்தாப்புல நின்னு, அபி கார்லருந்து எறங்குதத மட்டும் பாத்துட்டுப் போயிருதேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம், நல்ல நாளும் அதுவுமா கோவப்படுவா."

கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு மனுஷன் எட்டிப் பார்த்து என் மூட்டுவலியைக் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நீங்க என்ன டாக்டரா என்று நான் எரிந்து விழுந்ததையெல்லாம் விட்டுவிட்டு, தேவலையாம் என்று மட்டும் இவனிடம் சொல்லியிருக்கிறார். நாலு வருடமாக.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு அழுகை வந்தாலும் வெளியே வருவது கோபம்தான்.

"எதிர்த்தாப்புல நிப்பியாலே நீ? நீ ரோட்டுல நின்னா மாலைய யாருலே எடுத்துக் குடுப்பா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எல்லையில் பதினேழு வருடம் துப்பாக்கி பிடித்தவன், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விழுந்து வந்து என் முன்னால் நிற்பானே, அதே மாதிரி அழுதான்.

"யக்கா," என்றான்.

"வீட்டுலயே இரு. நான் வாரேன்."

அன்றைக்குக் கடை திறக்கவில்லை. சீசனில், அதுவும் வெள்ளிக்கிழமையில்! அபியையும் வீட்டுக்காரரையும் கிளப்பிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் பழமும் பத்திரிகையும் தட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது இசக்கிச்செல்வி. காலேஜ் படிக்கிறாள், என்னைவிட உயரம். பார்த்ததும் உள்ளே திரும்பி, அம்மா, அத்தை வந்திருக்காங்க என்று குரல் கொடுத்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் திரும்பிப் பார்க்காமல் விட்டு வந்த பிள்ளை, அன்றைக்குக் கூப்பிட்ட அதே பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டது. தம்பி பெண்டாட்டியிடம் நான் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அப்படிக் கேட்டு வழக்கமில்லை. அடுக்களைக்குள் போய் அவள் அரைத்துக்கொண்டிருந்த சட்னியை வாங்கி நான் அரைத்தேன். அவளுக்குப் புரிந்தது.

திரும்பும்போது ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சி கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. முதல் கேள்வியே போன் எங்கே என்பதுதான். கையில் கொடுத்துவிட்டு, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன்.

"யாரு எதுக்குக் கூப்பிடுதாங்கன்னு வெளிய சொன்னா, அப்புறம் எவன்மா கூப்பிடுவான்? அவன் தண்ணியக் கேட்டான், சொன்னேன். கூட ஒண்ணு சேர்த்துச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான சொல்லுதேன்."

கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் சொல்கிற மாதிரிதான் என் மூட்டுவலியையும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் சங்கடப்படுவார் என்று, ஒழுங்காகக் கஞ்சியைக் குடியுங்க என்று மதினி கையிலிருந்த டம்ளரை வாங்கி நீட்டினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஒரு டிவி. அதிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டைகளை யார் எப்படித் தீர்ப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? ஒன்று மட்டும் தெரியும். அங்கேயும் யாராவது ஒருத்தன், சண்டைக்காரி கடை திறந்துவிட்டாளா என்று தினமும் விசாரித்துக்கொண்டுதான் இருப்பான். அவனுக்குப் பதில் சொல்ல ஒரு ஆவுடைநாயகம் வேண்டும். டீக்கடையில் அவர் சொன்னதற்கு நான் சிரித்தேனே, அதை நினைத்து அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் நானும் அபியும் உட்கார்ந்து முந்நூறு பத்திரிகையிலும் பேனாவால் தாய்மாமன் சுந்தரபாண்டி என்று எழுதினோம். அபி எழுதிக்கொண்டே என்னிடம் ஓயாமல் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு வந்தான். நல்ல சாரல். பெண்கள் பக்கம் நானும் அபியும் இசக்கிச்செல்வியும் இறங்கினோம். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. அந்தப் பிள்ளை அருவிக்குள் போகுமுன் அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். விழுகிற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளினேன், பாதி வழிந்துபோயிற்று. மீதியை அவள் உச்சந்தலையில் ஊற்றினேன்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எட்டு வருஷம் லேட்டு அத்தை."

"சீசன்லா ஏட்டி? வழியெல்லாம் ஒரே வண்டி," என்றேன்.

அவள் சிரித்தபடி என்னைக் கட்டிப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கரையேறி வரும்போது மேலே படிக்கட்டு ஓரம் அண்ணாச்சி நிற்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார், பெண்கள் பக்கமும் இன்றைக்கு நன்றாக விழுகிறது, தாராளமாகக் கிளம்பி வாங்க என்று.